என் வீட்டுக்காரர் வைத்த குழம்பு

எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் சமைத்தவர் என் வீட்டுக்காரர்தான். இன்றைக்கு இதைச் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஐம்பதுகளின் நடுவில், தென்காசியில், அது வெளியே சொல்லக்கூடிய விஷயமாக இல்லை. வீட்டில் பெண்டாட்டி இருக்கும்போது புருஷன் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவள் வீட்டுக்கு விலக்காக இருக்க வேண்டும், இல்லை காய்ச்சலில் கிடக்க வேண்டும். நான் நன்றாகத்தான் இருந்தேன். குளித்து, பூ வைத்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு, அவர் குழம்பைக் கிண்டுவதைச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். சாப்பாடு பெரியம்மா வீட்டிலிருந்து தூக்குப் போணியில் வரும். கொஞ்சம் வளர்ந்ததும் அப்பா என்னைப் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் விட்டுவிட்டார். பள்ளிக்கூடம், அப்புறம் டீச்சர் டிரெயினிங், எல்லாம் அங்கேயே முடிந்தது. ஹாஸ்டலில் மணியடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பெரியம்மா, "எல்லாச் சமையலும் தெரியும். இடிசாம்பார் வச்சான்னா தெருவே மணக்கும்" என்று வந்தவர்களிடம் சொன்னாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட எனக்கு, அவள் வேறு யாரையோ சொல்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

வைகாசியில் கல்யாணம். அவருக்கு ரயில்வேயில் வேலை, செங்கோட்டை ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். தென்காசியில் வீடு பிடித்து, தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தார். ஆனி பிறந்து, சாரல் பிடித்துக்கொண்ட நேரத்தில் என்னைத் தனிக்குடித்தனம் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் அதுவரை அப்படியொரு மழையைப் பார்த்ததில்லை. எங்கள் ஊர் மழை வந்தால் அடித்துப் பெய்துவிட்டுப் போய்விடும், மறுநாள் தரை வெடித்துக் கிடக்கும். இங்கே மழையா வெயிலா என்றே தெரியாது. மேற்கே மலை தெரியாமல் மூடியிருக்கும். காற்று ஒரு தள்ளுத் தள்ளும், மாவு சலித்த மாதிரி தூறல் உள்ளே வரும், உடனே வெயில் அடிக்கும், அந்த வெயிலிலேயே மறுபடி தூறும். துவைத்த துணி காயாது. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. விறகு பின்கட்டுச் சாய்ப்பில் அடுக்கிக் கிடந்தது. தொட்டால் கையில் ஈரம் ஒட்டும்.

வந்த மறுநாள் அவர் டியூட்டிக்குப் போன பிறகு அடுப்பு பற்றவைக்கப் பார்த்தேன். தீக்குச்சி உரசினால் மருந்து தேய்ந்ததே தவிரப் பற்றவில்லை. ஒன்று பற்றியது, ஓலை பிடித்தது, விறகு பிடிக்கவில்லை. ஊதுகுழலை வைத்து ஊதினேன். சாம்பல் பறந்து கண்ணில் விழுந்தது. அவர் மத்தியானம் வந்தபோது வீடு முழுக்கப் புகை. பானையில் அரிசி பாதி வெந்தும் வேகாமலும் மிதந்தது. நான் முகத்தில் கரியோடு நடுவீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பு முன்னால் குத்தவைத்தார். நான் திணித்து வைத்திருந்த விறகையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். இரண்டு சிரட்டையை உடைத்து, அதன்மேல் சுள்ளியை நிறுத்தி, குனிந்து வாயாலேயே ஊதினார். பிடித்துக்கொண்டது. பானையைக் கழுவி மறுபடி உலை வைத்தார். கொள்ளுக் காணத்தை வறுத்து, மிளகாயும் புளியும் தேங்காயும் வைத்துத் துவையல் அரைத்தார். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ஒரு சாறு. இருவரும் சாப்பிட உட்காரும்போது மணி மூன்றாகியிருக்கும். அந்தச் சோற்றைப் போல நான் அதுவரை சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு அழுகை வந்தது.

"கடை கண்ணி இல்லாத ஸ்டேஷன்லயெல்லாம் தனியாக் கெடந்திருக்கேன். நானா வச்சுச் சாப்பிட்டாத்தான் உண்டு" என்றார். "எனக்கு இது ஒரு பாரமே இல்ல. நீ மெள்ள மெள்ளப் படி."

அவருக்குப் பாரமில்லை என்பது மட்டுமில்லை, பிடித்திருந்தது. அதை நான் சீக்கிரமே கண்டுகொண்டேன். ஸ்டேஷனிலிருந்து வரும்போதே யாரிடமாவது நல்லமிளகோ பலாக்கொட்டையோ வாங்கிக்கொண்டு வருவார். கடுகு பொரியும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். எனக்கோ உடம்பெல்லாம் கூசும். அவர் அடுப்படிக்குள் போனதும் நான் பின்கதவைச் சாத்திவிடுவேன். ஜன்னலில் பழைய துண்டைத் தொங்கவிடுவேன். அவர் புகைக்குள் இருமுவார், ஆனால் திற என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு ராவுத்தர் குடும்பம். ராவுத்தர் கொல்லத்தில் யாவாரம் பார்த்தார். அந்த அம்மா நாலு பிள்ளைகளோடு இங்கே இருந்தார். நல்ல மனுஷி. ஒருநாள் பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"ஏம்மா, காலையில உங்க வீட்ல அம்மி அரைக்க சத்தம் கேக்கு. வளையல் சத்தத்தக் காணோமே. கழட்டி வச்சிட்டா அரைக்கே?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டுப்போனது. "ஆமாக்கா, ஒடஞ்சிரும்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அன்றிலிருந்து அரைப்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு, சுவருக்குக் கேட்கும்படி அரைப்பேன். அவர் பார்த்துச் சிரிப்பார்.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஆடி மாதம் அவருடைய அக்காளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. பெரியவர்கள் ஸ்தானத்தில் இருந்தது அந்த மதினிதான். மதுரையில் இருந்தார்கள். அண்ணாச்சிக்கு, அதாவது மதினியின் வீட்டுக்காரருக்கு, ஒரு ஆபீசில் உத்தியோகம். குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறதாம், புதுக்குடித்தனத்தையும் பார்த்த மாதிரி இருக்கும், இரண்டு பெண்பிள்ளைகளோடு வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

கார்டை வாசித்ததும் நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அவுக முன்னால நீங்க அடுப்படிக்குள்ள வரக்கூடாது" என்றேன்.

"பொறவு யாரு சமைக்க?"

"எனக்குத் தெரியாது. ஆனா அவுகளுக்குத் தெரியக்கூடாது."

"சொன்னா என்ன? எங்க அக்காதான."

"நான் உசிரோட இருக்கதா வேண்டாமா?" என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் கார்டை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "சரி, அழாத" என்றார்.

அவர்கள் வந்து இறங்கிய அன்றைக்கு, ரயில் வருவதற்கு முன்பே எல்லாம் சமைத்து மூடி வைத்துவிட்டு, குளித்து, வேஷ்டி மாற்றி, குடையோடு ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தார். நான் இலை போட்டுப் பரிமாறினேன். தேங்காயை வறுத்து அரைத்த தீயல், பலாக்கொட்டைப் பொரியல், ரசம். அண்ணாச்சி நல்ல உயரமும் கனத்த குரலும் உள்ளவர். முதல் உருண்டையை வாயில் வைத்ததும் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, உங்க பெரியம்மா சொன்னது பொய்யில்ல. இப்படித் தீயல் சாப்பிட்டு எத்தன வருசமாச்சு" என்றார். மதினியைப் பார்த்து, "நீயும் கேட்டுக் கத்துக்கோ" என்றார்.

மதினியின் முகம் சுருங்கியது. நான் குனிந்து ரசம் ஊற்றினேன். என் வீட்டுக்காரர் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய காதோரம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. தான் வைத்த குழம்பை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்வதைக் கேட்கும் சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்தை அவர் யாருக்கும் காட்ட முடியாதபடி செய்தது நான்.

மறுநாளும் சமாளித்தோம். அவர்கள் விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குதிரை வண்டியில் அருவிக்குப் போய்விட்டார்கள். அவருக்கு மத்தியான டியூட்டி. நிதானமாகச் சமைத்து வைத்துவிட்டுப் போனார். அருவியில் குளித்தால் வயிறு காந்தும். நாலு பேரும் வந்து பானையைக் கவிழ்க்காத குறையாகச் சாப்பிட்டார்கள். அண்ணாச்சி மறுபடியும் புகழ்ந்தார். இரண்டாம் தடவை கேட்கும்போது என்னால் முதல் தடவை அளவுக்குக்கூட நிமிர முடியவில்லை.

அதற்கடுத்த நாள் விடியும்போது தூறல் போய் மழையே பிடித்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து ஓர் ஆள் நனைந்துகொண்டு வந்து, மலைப்பாதையில் மரம் சாய்ந்து லைனில் கிடக்கிறது, உடனே வரச் சொன்னார்கள் என்றான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உளுந்தஞ்சோறு வச்சிரு. ஒண்ணும் பயப்படாத. தொலி உளுந்த வறுத்துக்கோ. அரிசியையும் அதையும் சேத்துப் போட்டு, வெந்தயம், பூண்டு, தேங்கா. தண்ணி மட்டும் பாத்து ஊத்து. எள்ளுத் தொவையல் நேத்து அரைச்சது இருக்கு. பரண்ல காஞ்ச வெறகு…" என்று அண்ணாந்து பார்த்தவர் நிறுத்திக்கொண்டார். அடுப்புக்கு மேலே பரணில் உலர்த்தியிருந்த விறகெல்லாம் இரண்டு நாள் விருந்தில் தீர்ந்துபோயிருந்தது.

"அக்காட்ட சொல்லிரு" என்றார்.

"நீங்க போங்க" என்றேன்.

மதினி வீட்டில் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ என்னவோ. அன்றைக்கு ஐந்தருவிக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் குதித்தன. மழையில் எதற்கு என்று மதினி சொன்னதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன்.

சாய்ப்பு ஒழுகி விறகு ஊறிப் போயிருந்தது. சுவரோரம் போய் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "எங்க கூரையும் ஒழுகுதும்மா, இதுதான் இருக்கு" என்று ஒரு கை சிரட்டை கொடுத்தார். அது உலை சுடுவதற்குள் எரிந்து தீர்ந்தது. விறகுக் கட்டைகள் அடுப்பில் உட்கார்ந்து நுரை தள்ளின. புகை கறுப்பாகச் சுழன்றது. கல்யாணப் பாத்திரம் வந்த கள்ளிப்பெட்டியின் மூடியை உடைத்துப் போட்டேன். பழைய தாம்புக் கயிற்றை அறுத்துப் போட்டேன். உலை கொதிக்க ஆரம்பித்து மறுபடி அடங்கியது. மழைக்குள் நேரமும் தெரியவில்லை. அவர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில், சாப்பிட உட்காரும் மணைப்பலகை ஒன்றை எடுத்து அம்மிக்குழவியால் பிளந்து அடுப்பில் வைத்தேன். தேக்குப் பலகை, அவருடைய அம்மா காலத்தது. அது நன்றாக எரிந்தது. எரிந்த வேகத்தில் அடியில் இருந்தது பிடித்துக் கருகியது. மேலே இருந்த அரிசி இன்னும் பல்லில் கடிபட்டது. பயந்து தண்ணீரை ஊற்றினேன். அதிகமாகப் போய்விட்டது.

வாசலில் வண்டி நின்றது. எட்டிப் பார்த்தால் ஒரு வண்டிக்கு இரண்டு வண்டி. அண்ணாச்சியோடு அவருடைய மேலதிகாரியும் அவர் மனைவியும் இறங்கினார்கள். ஐந்தருவியில் தற்செயலாகப் பார்த்தார்களாம். எந்த ஹோட்டலிலும் கூட்டம் தாங்கவில்லை என்று அவர் சொல்ல, அண்ணாச்சி கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தங்கச்சி, சாரையும் அம்மாவையும் விடமாட்டேன்னு இழுத்துட்டு வந்துட்டேன். எங்க மச்சினன் பொண்டாட்டி கைச் சாப்பாட்ட ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கன்னேன்" என்றார்.

எல்லோரும் ஈரத்தலையோடு, பசியோடு, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஒரு பலகை குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. மதினி பாயை விரித்தாள். நான் பரிமாறினேன். கரண்டியில் வந்தது சோறா கூழா என்று சொல்ல முடியாது. நடுநடுவே கறுப்புப் பொருக்கு. முதல் வாய் எடுத்தபின் அந்த அறையில் பேச்சு நின்றது. மேலதிகாரி மெதுவாக மென்றார், அரிசி நறநறவென்றது. அவர் மனைவி என்னைப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கும்மா. வழியில பலாப்பழம் தின்னுட்டோம், அதான் எறங்க மாட்டேங்குது" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் காறித் துப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மதினியின் சின்ன மகள், "அத்தை, சோத்துல பொகை அடிக்கு" என்றாள்.

"ஏட்டி, வாய மூடிட்டுத் தின்னு" என்றார் அண்ணாச்சி. என்னைப் பார்க்கவில்லை. அவருடைய முகம் அவமானத்தில் வெந்துபோயிருந்தது. என்னால் அந்த முகத்தையும் பார்க்க முடியவில்லை, அந்த இலைகளையும் பார்க்க முடியவில்லை. மேலதிகாரியும் அவர் மனைவியும் கைகழுவிவிட்டு, மழை வலுப்பதற்குள் கிளம்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். மழை ஏற்கெனவே வலுத்துத்தான் பெய்துகொண்டிருந்தது.

மதினி அடுப்படிக்குள் வந்தாள். அடுப்பிலிருந்து பாதி எரிந்த பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எங்கம்மை பலகைல்லா?"

நான் பலகையை அடுப்புக்குள் தள்ளப் பார்த்தேன்.

"முந்தாநேத்துத் தீயல் வச்ச கை இன்னைக்கு இப்படி வைக்குமா? என்ன நடந்துச்சு, சொல்லு."

"அது நான் வச்சதில்ல மதினி. அவுக வச்சது."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. எழுந்துபோய் கூடத்துப் பக்கம் இருந்த கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இத உங்க அண்ணாச்சி காதுல போட்டுறாத. என் தம்பிய ஒரு மனுசனாவே மதிக்க மாட்டாக. நான் ராத்திரிச் சாப்பாட்டப் பாத்துக்கிடுதேன். கேட்டா, உனக்கு மேலுக்குச் சொகமில்லன்னு சொல்லுதேன்" என்றாள். நான் இத்தனை நாள் ஜன்னலில் துண்டு தொங்கவிட்டது போல அவளும் கதவைச் சாத்துகிறாள் என்று நினைத்தபோது, அவள்மேல் எனக்குப் பிரியம் உண்டானது. ஆனால் அவள் கண்ணை நேராகப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். தலை முதல் கால் வரை செம்மண் சேறு. அண்ணாச்சி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, உம்ம பொண்டாட்டி இன்னைக்கு என் மானத்த வாங்கிட்டா" என்று ஆரம்பித்தார். "ரெண்டு நாளு அமிர்தமா வச்சவளுக்கு இன்னைக்கு என்ன கேடு? எங்க ஆபீசர் முன்னால வேணும்னே செஞ்ச மாதிரில்லா இருக்கு. நாங்க வந்தது அவளுக்குப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லட்டும்."

மதினி, "அவளுக்கு மேலுக்கு…" என்று ஏதோ சொல்ல வந்தாள். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்தான், அவள ஒண்ணும் சொல்லாதீங்க. ரெண்டு நாளா நீங்க சாப்பிட்டது நான் வச்சது. அவ படிச்ச பிள்ள, இனிமேத்தான் பழகணும்."

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல், நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அப்போ இந்த வீட்ல சேலை யாரு கட்டுதா மாப்ள?" என்றார்.

பிள்ளைகளும் சிரித்தன. என் வீட்டுக்காரரும் சிரித்தார். கதவிடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி மாட்டினார். மறுபடியும் விழுந்தது. அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அவர்கள் மறுநாள் ஊருக்குப் போனார்கள். போகும்போது மதினி என் கையைப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு அவர் அடுப்படிக்குள் வரவில்லை. கோபம் கிடையாது. என்னை ஒரு வார்த்தை சொன்னதும் கிடையாது. எரிந்த பலகையைப் பற்றியும் கேட்கவில்லை. செங்கோட்டை மர டிப்போவிலிருந்து மரத்தூள் வரவழைத்து, ஒரு தகர அடுப்பு வாங்கிக் கொடுத்தார். ஈர விறகோடு நான் மல்லுக்கட்ட வேண்டாம் என்று. நான் வைத்ததைச் சாப்பிட்டார். கருகினாலும் சாப்பிட்டார், குழைந்தாலும் சாப்பிட்டார். ஸ்டேஷனிலிருந்து வரும்போது பலாக்கொட்டை வாங்கி வருவது நின்றுபோனது. அந்தச் சாரல் முடிவதற்குள் நான் ஒருவிதமாகச் சோறு வடிக்கவும், இரண்டு மூன்று குழம்பு வைக்கவும் படித்துவிட்டேன். பின்கதவைத் திறந்து வைத்துச் சமைத்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முன்பு தெருவுக்குப் பயந்து கூசியதைவிட, அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டு, உள்ளே கடுகு வெடிக்கும்போது நிமிராமல் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் கூசியது.

விஷயம் அவர்கள் சொந்தத்தில் பரவிவிட்டது. கடையத்தில் ஒரு கல்யாணம். பந்தி நடக்கும்போது அண்ணாச்சி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சமையல் நடந்த ஆக்குப்புரையிலிருந்து பெரிய கரண்டி ஒன்றை வாங்கி அவர் கையில் கொடுத்தார். "நம்ம வீட்டுலயே ஆளு இருக்கும்போது வெளியாளு எதுக்கு" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் கரண்டியை வாங்கி, ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த அண்டாமேல் சத்தமில்லாமல் வைத்தார். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

வருஷங்கள் போயின. எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அறுபதுகளில் ஒரு சாரல் சமயம் நான் காய்ச்சலில் விழுந்தேன். எழுந்து நிற்க முடியவில்லை. மதினி கேள்விப்பட்டுத் தனியாகப் புறப்பட்டு வந்தாள். அவளுக்கே மூட்டுவலி, குனிய முடியாது. அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏலே, நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். நீயே ஒரு மொளகுசாறு வச்சு அவளுக்குக் குடு."

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சுக்கா" என்றார் அவர்.

கட்டிலில் கிடந்த எனக்குக் கேட்டது. மறந்து போகிற விஷயமா அது. மதினிக்கும் தெரியும். அவள் கொஞ்ச நேரம் கழித்து, அவர் வெளியே போனபின், என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் கதவச் சாத்தியிருக்கக் கூடாதுட்டி. அவுக சிரிச்சப்போ நானாவது, எந்தம்பி வச்சதத்தான ரெண்டு நாளும் நக்கி நக்கித் தின்னீங்கன்னு கேட்டிருக்கணும். வாய் வரல" என்றாள்.

"எனக்கும் வரல மதினி" என்றேன்.

காய்ச்சல் விட்டு எழுந்தபிறகு நான் ஒன்று செய்யத் தொடங்கினேன். குழம்பு கொதிக்கும்போது, "உப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியல, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிடுவேன். போட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். முதலில் அவர் அடுப்படி வாசலுக்கு வெளியே நின்று உள்ளங்கையை நீட்டினார். ஒரு சொட்டு விட்டேன். நக்கிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று போய்விட்டார். இப்படிப் பல நாள். பிறகு "புளி கூடிட்டு" என்றார். பிறகு ஒருநாள், "இதுக்கு வெந்தயத்த முன்னாடியே போட்ருக்கணும்" என்றார். நான் "அப்படியா" என்றேன். அவருக்கு நான் செய்வது புரிந்திருக்கும். புரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் சாரல் விட மனசில்லாமல் ஆவணி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஒரு காலை அவர் டியூட்டிக்குக் கிளம்பி, காப்பி டம்ளரோடு அடுப்படிக்குள் வந்தார். நான் கூப்பிடவில்லை. அடுப்பில் தீயல் கொதித்துக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, ஒரு விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தார். கரண்டியை எடுத்து ஒரு சுற்று கிண்டிவிட்டார். நான் தேங்காய் துருவுவது போலக் குனிந்துகொண்டேன்.

"இனி ரெண்டு கொதி போதும்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்.